காரின் அடிவயிற்றில் ஓடும் காற்று

விக்கிரவாண்டி சுங்கச்சாவடியைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போயிருப்போம். காருக்கு அடியிலிருந்து படபடவென்று ஒரு சத்தம். வேகத்தை எண்பதுக்குக் கீழே இறக்கினால் நின்றுவிடுகிறது. தொண்ணூறைத் தொட்டதும் மறுபடி தொடங்குகிறது. டயரிலோ பேரிங்கிலோ கோளாறு என்றால் சத்தம் வேகத்தோடு சேர்ந்து மெல்லக் கூடும், குறையும். இப்படிக் கோடு கிழித்தது மாதிரி வந்து போகாது. ஓரமாக நிறுத்தி, துண்டை விரித்துப் படுத்துப் பார்த்தேன். முன் பம்பருக்கும் இன்ஜினுக்கும் அடியில் இருக்கும் கறுப்பு பிளாஸ்டிக் மூடியில் இரண்டு கிளிப்புகளைக் காணோம். அதன் முன் ஓரம் இரண்டு விரல்கடை தொங்கிக்கொண்டிருந்தது. எண்பது வரை தன் விறைப்பிலேயே தாக்குப்பிடித்த மூடியை, தொண்ணூறில் காற்று பிடித்து உலுக்கியிருக்கிறது.

விழுப்புரம் பைபாஸ் ஓரத்தில் ஒரு பட்டறை. மெக்கானிக் குனிந்து பார்த்துவிட்டு, "இது எதுக்கு சார்? கழட்டிப் போட்டுட்டா வேலை முடிஞ்சுது. ஆயில் மாத்துறப்பவும் ஈசி" என்றார். அவர் பக்கம் நியாயம் இருக்கிறது. ஒவ்வொரு முறையும் பத்துப் பதினைந்து கிளிப்பைக் கழற்றி மாட்டுவது அவருடைய கை. நான் வேண்டாம் என்று சொல்லி, இரண்டு கேபிள் டை போட்டு இழுத்துக் கட்டச் சொன்னேன். ஒரு காரில் யார் கண்ணுக்கும் படாத, ஆனால் மிகுந்த உழைப்போடு செய்யப்பட்ட பாகங்களில் அந்த மூடியும் ஒன்று. அது எதற்காக இருக்கிறது, அதைச் சரிபார்க்க ஒரு முன்மாதிரி காரை ஏன் மாதக்கணக்கில் ஓட்டிப் பார்க்கிறார்கள் என்பதைத்தான் இங்கே எழுத நினைக்கிறேன்.

முதலில் காற்று எவ்வளவு தின்கிறது என்று பார்த்துவிடலாம். நான்கு விஷயம் தெரிந்தால் போதும்: காற்றின் அடர்த்தி, காரை நேரெதிரே நின்று பார்க்கும்போது தெரியும் முகப்பரப்பு, அந்த வடிவம் காற்றை எவ்வளவு நயமாக விலக்குகிறது என்று சொல்லும் இழுவைக் குணகம், அப்புறம் வேகம். இன்றைய சாதாரணக் கார் ஒன்றுக்கு முகப்பரப்பு 2.2 சதுர மீட்டர், குணகம் 0.30 என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் காற்று அதைப் பின்னால் தள்ளும் விசை சுமார் 306 நியூட்டன். 31 கிலோ எடையைக் கயிற்றில் கட்டித் தூக்கிப் பிடிக்க எவ்வளவு பலம் வேண்டுமோ, அவ்வளவு. அந்த விசையை எதிர்த்து 100 கி.மீ. போக எட்டரை யூனிட் ஆற்றல் செலவாகிறது. வீட்டு மீட்டரில் ஓடும் அதே யூனிட்தான். 120 கி.மீ. வேகத்தில் போனால் அதே 100 கி.மீ. தூரத்துக்குப் பன்னிரண்டு யூனிட்டைத் தாண்டிவிடும். எதிர்ப்பு விசை வேகத்தின் இருமடியாக ஏறுவதுதான் காரணம்.

இதில் குணகத்தை 0.30லிருந்து 0.28க்கு இறக்க முடிந்தால், 100 கி.மீ. வேகத்தில் ஏறக்குறைய 20 நியூட்டன் குறையும். இரண்டு கிலோ எடைதானே என்று தோன்றும். 45 யூனிட் பேட்டரி உள்ள மின்சாரக் காருக்கு, நெடுஞ்சாலையில் அது பத்துப் பன்னிரண்டு கி.மீ. கூடுதல் ஓட்டம். பேட்டரியைப் பெரிதாக்கவில்லை, மோட்டாரை மாற்றவில்லை. சில கிலோ பிளாஸ்டிக்கும் ஒரு கைப்பிடி கிளிப்பும் போதும். பெட்ரோல் கார் என்றால் 100 கி.மீ.க்குக் கால் லிட்டர் மிச்சம் என்று கணக்கு வரும். காரின் ஆயுள் முழுக்க ஓடும் தூரத்தை நினைத்தால், இவ்வளவு மலிவாகக் கிடைக்கும் சிக்கனம் வேறு அதிகம் இல்லை என்றே சொல்வேன்.

இந்த 0.02 எங்கே ஒளிந்திருக்கிறது என்றால், பெரும்பாலும் அடியில்தான். எந்தக் காரையும் சர்வீஸ் சென்டரில் லிஃப்டில் ஏற்றும்போது ஒரு நிமிஷம் அடியில் போய் நின்று பாருங்கள். மேல்பக்கம் வழித்துவிட்ட மாதிரி வழவழப்பாக இருக்கும் வண்டி, அடியில் முழுக்க மேடும் பள்ளமுமாக இருக்கும். இன்ஜின் ஆயில் சட்டி, சஸ்பென்ஷன் கைகள், நீளத்துக்கும் ஓடும் புகைக்குழாய், நடுவில் ஒரு பெட்டி, கடைசியில் சைலன்சர், பெட்ரோல் டாங்கின் விளிம்பு, ஸ்டெப்னி உட்காரும் குழியின் தொப்பை. முன்னாலிருந்து வரும் காற்று இவை ஒவ்வொன்றிலும் முட்டி, சுழித்து, அடுத்ததில் போய் மோதுகிறது. ஒவ்வொரு சுழலும் காரிடமிருந்து ஆற்றலை வாங்கிக்கொண்டுதான் உருவாகிறது. மேலே போகும் காற்றுக்கு விலகிப்போக வானம் முழுக்க இடமிருக்கிறது. அடியில் போகும் காற்று ஒரு சாண் உயரம்கூட இல்லாத சந்தில் மாட்டிக்கொள்கிறது. இருபுறமும் சுழலும் டயர்கள் வேறு அதைக் கலக்கிவிடுகின்றன.

அடிமூடியின் வேலை இந்தச் சந்தை வழவழப்பாக்குவது. கேட்க எளிது. ஆனால் எல்லாவற்றையும் மூடிவிட முடியாது. பெட்ரோல், டீசல் காரில் புகைக்குழாயும், புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரும் பல நூறு டிகிரி சூட்டில் இருக்கும். அவற்றுக்குக் காற்றோட்டம் வேண்டும். அதனால் நடுவில் ஒரு கால்வாயைத் திறந்து விட்டுவிட்டு இருபக்கமும் தகடு போடுகிறார்கள். சூட்டுக்கு அருகில் பிளாஸ்டிக் உருகாமல் இருக்க மெல்லிய அலுமினியத் தகடு. ஆயில் வடிக்கும் போல்ட்டுக்கு நேராக ஒரு சிறு கதவு. மழைத்தண்ணீர் தேங்காமல் வடிய ஓட்டைகள். பொருளும் ஒன்றல்ல. சில இடத்தில் வார்த்தெடுத்த பாலிபுரொப்பிலீன். சில இடத்தில் கம்பளி மாதிரி அழுத்திச் செய்த நார்த்தகடு. சாலையில் கிடக்கும் பொடிக்கல் வந்து அடிக்கும் சத்தத்தை நார்த்தகடு விழுங்கிவிடும்.

முன் டயருக்குச் சற்று முன்னால், உள்ளங்கை அகலத்தில் ஒரு பட்டை கீழ்நோக்கி நீட்டிக்கொண்டிருப்பதைப் பலர் பார்த்திருப்பீர்கள். காற்றைத் தடுக்கும் ஒன்றைக் கொண்டுபோய் வைத்து எதிர்ப்பைக் குறைப்பதா என்று எனக்கும் முதலில் குழப்பமாக இருந்தது. சுழலும் டயரில் காற்று நேராக மோதினால் உண்டாகும் கலவரம் மிகப் பெரிது. அதைவிட, ஒரு சிறு பட்டையில் பட்டு டயரைச் சுற்றி ஒதுங்கிப் போவது லாபம். பட்டை அளவுக்கு மீறி நீளமானால் அந்த லாபம் போய்விடும். பின்பக்கம் வந்தால் டிஃப்யூசர். தரைக்கும் காருக்கும் நடுவே வேகமாக ஓடிவந்த காற்றை மெல்ல மெல்ல அகலும் வழியில் விட்டு வேகம் தணித்து வெளியே அனுப்பும் சாய்ந்த பகுதி. சாய்வு அதிகமானால் காற்று தகட்டை விட்டுப் பிய்த்துக்கொண்டு போய்விடும். அப்புறம் டிஃப்யூசர் இருந்தும் இல்லாத மாதிரிதான்.

மின்சாரக் காருக்கு இதில் ஒரு பெரிய கொடுப்பினை உண்டு. புகைக்குழாய் இல்லை. தரை முழுக்கப் பரந்து கிடக்கும் பேட்டரிப் பெட்டியே ஒரு சமதள அடிவயிறாக அமைந்துவிடுகிறது. 1996இல் ஜெனரல் மோட்டார்ஸ் வெளியிட்ட இவி1 காரின் குணகம் 0.19. அன்றைய ஈய அமிலப் பேட்டரியில் சேமிக்க முடிந்த மின்சாரம் மிகக் கொஞ்சம் என்பதால் ஒவ்வொரு நியூட்டனையும் எண்ணி எண்ணிச் செலவு செய்ய வேண்டியிருந்தது. மேலும் கீழும் ஒரே கவனத்தோடு வழித்திருந்தார்கள். 2018இல் ஆடி தன் இ-ட்ரான் காரில் பேட்டரிக்கு அடியில் ஓர் அலுமினியத் தகடு போட்டது. கல், தடுப்புக்கட்டை அடிபடாமல் காக்கும் கவசமும் அதுதான், காற்று ஓடும் தளமும் அதுதான். அதில் போல்ட் போடும் இடமெல்லாம் கோல்ஃப் பந்தில் இருப்பது மாதிரிக் குழிகள். போல்ட்டின் தலை வெளியே துருத்திக்கொண்டு இருப்பதைவிடக் குழிக்குள் இருந்தால் காற்று அதன்மேல் வழுக்கிக்கொண்டு போகும். ஒரு போல்ட்டின் தலைக்கு இவ்வளவு யோசித்திருக்கிறார்களே என்று அதைப் பற்றிப் படித்தபோது மனம் நிறைந்துபோனது.

இதையெல்லாம், நிற்கும் காரின் மேல் காற்றை ஓடவிட்டு அளக்கும் காற்றுச் சுரங்கத்தில் வைத்து அளந்துவிட்டால் முடிந்ததே, எதற்குச் சாலையில் ஓட்ட வேண்டும்? அடிப்பக்கத்தைப் பொறுத்தவரை காற்றுச் சுரங்கம் நெடுங்காலம் சரியான பதில் சொல்லவில்லை. சாலையில் கார் ஓடும்போது காற்றும் தரையும் ஒன்றாகப் பின்னோக்கி ஓடுகின்றன, காருக்குள் இருந்து பார்த்தால். சுரங்கத்தில் கார் நிற்கிறது, காற்று ஓடுகிறது, தரை அசையாமல் கிடக்கிறது. அசையாத தரையை ஒட்டிய காற்று தேங்கி ஓர் அடுக்காகப் படிந்துவிடும். அந்த அடுக்கு காருக்கு அடியில் இருக்கும் சந்தில் ஒரு பகுதியை அடைத்துக்கொள்ளும். கூரைக்கும் கண்ணாடிக்கும் இதனால் பெரிய பாதகமில்லை. அடிமூடிக்கோ அளவே மாறிப்போகிறது. அதனால்தான் இன்றைய சுரங்கங்களில் காருக்கு அடியில் ஒரு பட்டை காற்றின் வேகத்திலேயே ஓடுகிறது. நான்கு சக்கரத்துக்கும் தனித்தனிப் பட்டை வைத்துச் சுழற்றுகிறார்கள்.

அப்படியும் தப்பிவிடும் விஷயம் இருக்கிறது. அதற்கு 2022ஆம் வருஷத்து ஃபார்முலா 1 கார்களைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை. கதை 1970களின் நடுவில் தொடங்குகிறது. லண்டன் இம்பீரியல் கல்லூரியின் காற்றுச் சுரங்கத்தில் லோட்டஸ் அணியின் பீட்டர் ரைட் ஒரு மாடலைச் சோதித்துக்கொண்டிருந்தார். மாடலின் பக்கப் பெட்டிகள் தொய்ந்து தரையை நெருங்க நெருங்க அளவுகள் விநோதமாக மாறின. ஓரங்களை அட்டை வைத்து அடைத்துப் பார்த்தபோது காரைத் தரையோடு அழுத்தும் விசை எகிறியது. அடியில் குறுகி அகலும் வழி ஒன்று அமைந்தால் காற்று அங்கே வேகமெடுக்கும். வேகமெடுத்த இடத்தில் அழுத்தம் குறையும். கார் முழுவதும் சாலையை நோக்கி உறிஞ்சப்படும். அந்த அடிப்படையில் வந்த லோட்டஸ் 79 காரில்தான் மரியோ ஆண்ட்ரெட்டி 1978இல் உலகச் சாம்பியன் ஆனார். வளைவில் போகும் வேகம் ஆபத்தான அளவுக்கு ஏறியதால் 1983இல் எல்லாக் காருக்கும் தட்டையான அடிப்பகுதி கட்டாயம் என்று விதி வந்தது.

ஏறக்குறைய நாற்பது வருஷம் கழித்து, 2022இல், அந்த அடிவழிகளை விதிகள் மறுபடி அனுமதித்தன. அணிகள் கணினியிலும் சுரங்கத்திலும் ஒரு வருஷத்துக்கு மேல் வேலை செய்தன. பிப்ரவரியில் பார்சிலோனாவில் முதல் சோதனை ஓட்டம். நேர்ச்சாலையில் முழு வேகம் எடுத்ததும் கார்கள் மேலும் கீழும் குதிக்கத் தொடங்கின. வேகம் கூடக்கூட அடிப்பகுதி தரையை நோக்கி உறிஞ்சப்படுகிறது. மிக நெருங்கியதும் காற்று போக வழியில்லாமல் ஓட்டம் அறுந்துபோகிறது. உறிஞ்சும் விசை சட்டென்று விட்டுவிட, கார் துள்ளி மேலே வருகிறது. வழி திறந்ததும் மறுபடி உறிஞ்சல். நொடிக்குப் பல முறை. கடற்பன்றி நீரில் முங்கி எழுவதுபோல என்பதால் இதற்கு 'போர்பாய்சிங்' என்று பெயர்.

இதைச் சுரங்கம் ஏன் சொல்லவில்லை? விதிப்படி சுரங்கத்தில் வைக்கும் மாடல் உண்மைக் காரில் 60 சதவீத அளவைத் தாண்டக் கூடாது. காற்று வேகம் நொடிக்கு 50 மீட்டர், அதாவது மணிக்கு 180 கி.மீ.க்கு மேல் போகக் கூடாது. உண்மைக் கார் 300ஐத் தாண்டும். அதைவிட முக்கியம், மாடலைத் தாங்கிப் பிடிப்பது ஒரு விறைப்பான தண்டு. உண்மைக் காரில் ஸ்பிரிங் இருக்கிறது, அமுங்கும் டயர் இருக்கிறது, வளையும் அடித்தட்டு இருக்கிறது. காற்றும் ஸ்பிரிங்கும் ஒன்றையொன்று தூண்டிவிடும் ஆட்டம் தண்டில் நிற்கும் மாடலில் வரவே வராது. அந்த வருஷம் அஜர்பைஜானின் பாக்கு நகரில் நடந்த பந்தயம் முடிந்ததும் மெர்சிடிஸ் அணி ஓட்டுநர் லூயிஸ் ஹாமில்டன் முதுகைப் பிடித்துக்கொண்டு காரிலிருந்து இறங்கவே சிரமப்பட்டதை டிவியில் பார்த்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். பிறகு குதிப்புக்கு ஓர் அளவுகோல் வைத்துக் கட்டுப்படுத்தினார்கள். 2023இல் அடித்தட்டின் ஓரத்தை 15 மி.மீ. உயர்த்தினார்கள். உலகிலேயே அதிகச் செலவில் காற்றைப் படிக்கும் மனிதர்களுக்கு, ஓட்டுநரின் முதுகெலும்புதான் அந்தச் செய்தியைச் சொன்னது.

தட்டையான அடிவயிறு வேறு விதமாகவும் மோசம் செய்யலாம். 1999இல் பிரான்ஸில் நடந்த லெ மான் 24 மணி நேரப் பந்தயத்துக்கு வந்த மெர்சிடிஸ் சிஎல்ஆர் காரின் மூக்கு ஒரு மேட்டில் ஏறும்போது சற்றே தூக்கியது. அகலமான அடித்தகட்டுக்குக் கீழே காற்று புகுந்து, காரைக் காகிதம் மாதிரி தூக்கி வீசியது. ஒரே வாரத்தில் மூன்று முறை: இரண்டு முறை மார்க் வெபர், பந்தயத்தின்போது பீட்டர் டம்ப்ரெக். டம்ப்ரெக்கின் கார் மரங்களுக்கு நடுவே போய் விழுந்தது. இருவரும் உயிர் பிழைத்ததை இன்று நினைத்தாலும் நெஞ்சு படபடக்கிறது. தாங்கும் தளம் எந்தக் கோணத்தில் இருக்கும்போது தாங்குகிறது என்பதையும் சேர்த்துத்தான் சோதிக்க வேண்டியிருக்கிறது.

சரி, சாதாரணக் காரின் முன்மாதிரியை எடுத்துக்கொண்டு சோதனை ஓட்டுநர் என்ன செய்கிறார்? இந்த வேலையின் அடிப்படையான சோதனை பார்க்க மிகச் சாதாரணமானது. நீண்ட, மட்டமான தடத்தில் வேகம் எடுத்து, கியரை நியூட்ரலில் தள்ளிவிட்டு, கார் தானாக வேகம் குறைவதை அளப்பது. பிரேக் கிடையாது, ஸ்டியரிங்கை அசைக்கக்கூட கூடாது. எந்த வேகத்திலிருந்து எந்த வேகத்துக்கு வர எத்தனை நொடி என்று குறித்துக்கொள்வார்கள். காற்றின் எதிர்ப்பு வேகத்தோடு கடுமையாகக் குறையும். டயரின் உருளல் எதிர்ப்பு அவ்வளவாக மாறாது. அதை வைத்து இரண்டையும் பிரித்துவிடலாம்.

இதில் அடிமூடி தரும் வித்தியாசம் எவ்வளவு என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். மேலே சொன்ன அதே கார், 1,500 கிலோ எடை. மூடி இல்லாமல் 105லிருந்து 95க்கு வர 9.1 நொடி ஆகும். மூடியோடு 9.5 நொடி சொச்சம். அரை நொடிக்கும் குறைவு! இதை அளந்து சொல்ல வேண்டிய இடத்தில், நொடிக்கு 1 மீட்டர் எதிர்க்காற்று அடித்தால் என்ன ஆகும் தெரியுமா? நாம் மெதுவாக நடக்கும் வேகம்தான் அந்தக் காற்றுக்கு. இலை லேசாக அசையும், அவ்வளவே. 100 கி.மீ. வேகத்தில் போகும் காருக்கு அது எதிர்ப்பை ஏழு சதவீதம் கூட்டிவிடும். மூடி மிச்சம் பிடித்துத் தருவது ஆறேமுக்கால் சதவீதம். ஒரு பூங்காற்று, பல மாத உழைப்பை அப்படியே மறைத்துவிடும். அதனால் காற்று அடங்கியிருக்கும் நேரமாகப் பார்த்து வண்டியை எடுக்கிறார்கள். போகும் திசையில் ஒரு தடவை, திரும்பும் திசையில் ஒரு தடவை என்று ஓட்டிச் சராசரி எடுக்கிறார்கள். சூடான டயர் நன்றாக உருளும் என்பதால், முன்கூட்டியே ஓட்டி டயரை ஒரே சூட்டுக்குக் கொண்டுவருகிறார்கள். மூடியோடு சில ஓட்டம், கழற்றிவிட்டுச் சில ஓட்டம், மறுபடி மாட்டி. நல்ல சோதனை ஓட்டுநர் என்றால் தலைதெறிக்க ஓட்டுபவர் என்று நாம் நினைக்கிறோம். ஒரே மாதிரி முப்பது முறை ஓட்டத் தெரிந்தவர்தான் இந்த வேலைக்குத் தேவை.

காற்று எப்படிப் போகிறது என்று கண்ணால் பார்க்கவும் வழிகள் உண்டு. கம்பளி நூலைத் துண்டு துண்டாக வெட்டி வரிசையாக ஒட்டி, கேமராவை அடியில் பொருத்தி ஓட்டினால், காற்று ஒழுங்காக ஓடும் இடத்தில் நூல் நேராகப் படுத்திருக்கும். சுழலும் இடத்தில் பைத்தியம் பிடித்த மாதிரி ஆடும். பளிச்சென்ற நிறப்பொடி கலந்த எண்ணெயைத் தடவி ஓட்டிவிட்டு வந்தால், காற்றின் தடம் அப்படியே தகட்டில் வரைந்திருக்கும். சில நேரம் இயற்கையே இந்த வேலையைச் செய்துவிடும். 1969 அக்டோபரில், ஆஸ்திரியாவின் ஓஸ்டர்ரைஷ்ரிங் தடத்தில் போர்ஷே 917 என்ற பந்தயக் காரைச் சோதித்துக்கொண்டிருந்தார்கள். நேர்ச்சாலையில் அது நேராக நிற்காது, ஓட்டுநர்களே பயந்த வண்டி. ஜான் ஹார்ஸ்மன் என்ற பொறியாளர் காரைச் சுற்றி வந்து பார்த்தபோது, முன்புறமெல்லாம் கொசுவும் பூச்சியும் அடித்து ஒட்டியிருக்க, பின்னால், காரைத் தரையோடு அழுத்துவதற்காக வைத்த ஸ்பாய்லர் பட்டை மட்டும் சுத்தமாக இருப்பதைக் கவனித்தார். பூச்சி படவில்லை என்றால் காற்றும் படவில்லை என்று பொருள். அங்கேயே அலுமினியத் தகட்டை வெட்டி, டேப் போட்டு ஒட்டி, வால்பகுதியைத் தூக்கிக் கட்டினார்கள். வண்டி அடங்கிவிட்டது. அடுத்த வருஷம் 917 லெ மான் பந்தயத்தை வென்றது. இது அடிப்பகுதியின் கதை அல்ல என்று தெரியும். ஆனாலும் ஓடிவந்து நின்ற காரைச் சுற்றி நடந்து பார்ப்பது எவ்வளவு பெரிய சோதனை என்பதற்கு இதைவிட நல்ல கதை எனக்குக் கிடைக்கவில்லை.

அடிமூடிக்கு எதிர்ப்பைத் தாண்டியும் தேர்வுகள் இருக்கின்றன. தண்ணீர் தேங்கிய பள்ளத்தில் இறங்கினால் மூடியின் முன் ஓரம் ஒரு அகப்பை மாதிரி தண்ணீரை அள்ளும். கிளிப் வலுவில்லை என்றால் மூடி பிய்ந்துகொண்டு போய்விடும். சேற்றில் ஓட்டிவிட்டு எடை போட்டால் சில கிலோ சேறு உள்ளே தங்கியிருக்கலாம். பனிப்பிரதேசத்தில் பனி புகுந்து இறுகிக் கல்லாகிவிடும். ஸ்வீடனின் ஆர்யெப்லோக் ஊருக்குக் குளிர்காலத்தில் கார் நிறுவனங்கள் கூட்டமாகப் போவது இது மாதிரி விஷயங்களையும் பார்க்கத்தான். இன்னொரு பக்கம் சூடு. அடியை இறுக்கமாக மூடினால் இன்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் காற்று போகாது. மலை ஏறிவிட்டு வந்து வண்டியை அணைத்த பிறகு, காற்றோட்டமே இல்லாத அந்தச் சில நிமிஷத்தில்தான் சூடு உச்சத்துக்கு ஏறும். அதை அளக்க மூடிக்குள் எங்கெங்கும் வெப்பம் அளக்கும் கம்பிகளை ஒட்டிவைத்து ஓட்டுகிறார்கள். இவை எதுவும் குணகம் என்ற ஒற்றை எண்ணுக்குள் வராது.

காற்றையும் சூட்டையும் ஒரே தகட்டில் சேர்த்து யோசித்த ஒரு முன்மாதிரி கார் உண்டு. மெர்சிடிஸ் பென்ஸின் விஷன் இக்யூஎக்ஸ்எக்ஸ். குணகம் 0.17. முகப்பரப்பு 2.12 சதுர மீட்டர். 100 யூனிட்டுக்குச் சற்றுக் குறைவான பேட்டரி. எடை சுமார் 1,755 கிலோ. வேகம் எடுக்கும்போது பின்னால் இருந்து டிஃப்யூசர் தானாக நீண்டு வெளியே வரும், நகரத்தில் உள்ளே போய்விடும். எனக்கு மிகவும் பிடித்தது அதன் அடித்தகடு. மோட்டாரின் சூட்டை வெளியேற்ற மூக்கில் ரேடியேட்டருக்கு வழி திறந்தால், அந்த வழியாகக் காற்று புகுந்து எதிர்ப்பைக் கூட்டும். அதனால் குளிர்விக்கும் தகட்டைக் காரின் தரையிலேயே வைத்துவிட்டார்கள். எப்படியும் அடியில் ஓடத்தான் போகிற காற்று, போகிற போக்கில் சூட்டையும் எடுத்துக்கொண்டு போகிறது. மூக்கில் உள்ள கதவுகள் மிகத் தேவைப்பட்டால் மட்டும் திறக்கும்.

2022 ஏப்ரலில் ஜெர்மனியின் சின்டல்ஃபிங்கனிலிருந்து கிளம்பிய அந்தக் கார், சுவிட்சர்லாந்தின் ஆல்ப்ஸ் மலையையும் வட இத்தாலியையும் கடந்து பிரான்ஸின் தெற்குக் கரையில் உள்ள கஸ்ஸிஸ் ஊரில் போய் நின்றது. 1,008 கி.மீ., நடுவில் சார்ஜே போடாமல். சார்ஜ் போடும் துளைக்கு வெளியார் நிபுணர்களைக் கொண்டு முத்திரை வைத்திருந்தார்கள். கிளம்பும்போது மழையும் குளிரும். வழியில் சாலை வேலை, போக்குவரத்து நெரிசல், மற்றவர்களோடு சேர்ந்து ஓடும் சாதாரண நெடுஞ்சாலை. பதினொன்றரை மணி நேரத்துக்கு மேல் ஓடி, சராசரி வேகம் 87 கி.மீ. போய்ச் சேர்ந்தபோது பேட்டரியில் 15 சதவீதம் மிச்சம். 100 கி.மீ.க்குச் செலவு 8.7 யூனிட்.

அந்தச் சராசரி வேகத்தை வைத்து நான் கணக்குப் போட்டதில், காற்றின் எதிர்ப்பு சுமார் 127 நியூட்டன் வருகிறது, 13 கிலோ. 100 கி.மீ.க்கு மூன்றரை யூனிட். நம் சாதாரணக் காருக்கு அதே வேகத்தில் ஆறரை யூனிட் ஆகியிருக்கும். டயர்களின் உருளலுக்கு இரண்டரை யூனிட் போகும். மீதி, மலை ஏறியது, நின்று கிளம்பியது, மோட்டாரின் இழப்பு, விளக்கு, வைப்பர் எல்லாம். இந்தக் கணக்கை வீட்டில் உட்கார்ந்து யாரும் போடலாம். மழைத்தண்ணீர் தெறிக்கும் சாலையில், பக்கக்காற்று அடிக்கும் பாலத்தில், லாரிக்குப் பின்னால் கலங்கிய காற்றில், கணக்கு நிற்கிறதா என்று பார்க்க ஒருவர் ஸ்டியரிங்கைப் பிடித்து ஆயிரம் கி.மீ. ஓட்டியாக வேண்டும். ஜூன் மாதம் அதே காரை இங்கிலாந்தின் சில்வர்ஸ்டோன் வரை 1,202 கி.மீ. ஓட்டினார்கள். அங்கே போய்ச் சேர்ந்த பிறகும், பந்தய வீரர் நிக் டி வ்ரீஸ் மீதியிருந்த சார்ஜ் தீரும் வரை தடத்தைச் சுற்றினார். 2024இல் ரியாத்திலிருந்து துபாய் வரை பாலைவனத்தில் ஆயிரம் கி.மீ.யைத் தாண்டி ஓட்டியபோது செலவு 7.4 யூனிட்டுக்கு இறங்கியது. குளிர் நாட்டில் செய்த அடித்தகடு, பாலைவனக் காற்றிலும் மோட்டாரைக் குளிர்வித்திருக்கிறது.

நம் ஊருக்கென்று அடிமூடியைச் சோதிக்கும்போது வேறு ஒரு சங்கடம். காற்றுக்காகக் காரைத் தாழ்த்த முடியாது. அளவில்லாமல் உயர்த்திப் போட்ட வேகத்தடைகள், மழைக்காலத்தில் முழங்கால் தண்ணீர், ஜல்லி கொட்டிய மாற்றுப்பாதை. ஆனாலும் இந்தூருக்கு அருகே பீதம்பூரில் 11.3 கி.மீ. அதிவேகத் தடம் 2021இல் திறக்கப்பட்டுவிட்டது. நம் ஒரகடத்தில் வாகன ஆராய்ச்சி மையமும் சோதனைத் தடமும் இருக்கின்றன. வேகத்தடையில் இடித்தாலும் உடையாமல் வளைந்துகொடுத்து, மறுபடி பழைய வடிவத்துக்கு வரும் மூடி, தண்ணீரில் பிய்ந்து போகாத கிளிப்: இவை நம் சாலைக்கான கேள்விகள். பதிலும் இங்கேயே ஓட்டிப் பார்த்துத்தான் கிடைக்கும். மின்சாரக் கார் வாங்குகிறவர்கள் ஒவ்வொரு கி.மீ.யையும் எண்ணும் இந்தக் காலத்தில், நிறுவனங்கள் திரையின் அங்குலத்தை விளம்பரம் செய்வது மாதிரி அடிப்பகுதி எப்படி மூடப்பட்டிருக்கிறது என்பதையும் படம் போட்டுக் காட்டினால் நன்றாக இருக்கும்.

அடுத்த சர்வீஸுக்கு உங்கள் காரை விடும்போது, லிஃப்டில் ஏற்றியதும் ஒரு டார்ச்சை வாங்கிக்கொண்டு அடியில் போய்ப் பாருங்கள். முன் மூடியின் ஓரம் பம்பரோடு ஒட்டி நிற்கிறதா, டயருக்கு முன்னால் உள்ள பட்டை இரண்டு பக்கமும் இருக்கிறதா, கிளிப் போடும் ஓட்டைகளில் எது காலி என்று எண்ணுங்கள். எனக்கு ஐந்து காலியாக இருந்தன. கேபிள் டையை வெட்டிவிட்டுப் புதுக் கிளிப் போட்டுத் தரச் சொன்னேன். பத்து நிமிஷ வேலை. ஆயில் மாற்றியவர் மூடியை ஓரமாகச் சாய்த்து வைத்துவிட்டு மறந்திருந்தால், வண்டியை எடுப்பதற்கு முன் மாட்டித் தரச் சொல்லுங்கள்.